தூண்டில் முள் கையில் ஏறிவிட்டால்: இழுப்பதா, தள்ளுவதா, தொடாமல் விடுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர்களோடு வெகுதூரம் போய் ஆற்றோரத்தில் தூண்டில் போட்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் முள் ஏறிவிட்டது. கூட இருந்தவர், "பின்னால் இழுத்தால் சதை கிழியும், முன்னால் தள்ளி நுனியை வெளியே எடுத்து வெட்டுவதுதான் ஒரே வழி" என்று சொல்லி, மரத்துப்போக ஊசி எதுவும் இல்லாமல் அப்படியே செய்திருக்கிறார். முள் பட்டவர் வலியில் மயங்கி விழப் பார்த்திருக்கிறார். காயம் இப்போது ஆறிவிட்டது. அன்றைக்குச் செய்தது சரியா, நூல் கட்டி வெடுக்கென்று இழுப்பது என்று ஒரு முறை சொல்கிறார்களே அது உண்மையா, ஆன்டிபயாடிக் மாத்திரை போட வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: மருத்துவமனை பக்கத்தில் இல்லாத இடத்தில் எதை நாமே செய்யலாம், எதைத் தொடவே கூடாது? அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மருத்துவர். காட்டுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுப்பதும் உண்டு. இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று: முள் சதைக்குள் இருக்கிறது என்பது மட்டுமே அவசரத்துக்குக் காரணம் ஆகாது. முள் உள்ளே இருக்கும்போது பெரும்பாலும் ரத்தம் அதிகம் வராது. இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே இருந்தால் விரலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. பார்க்கத்தான் பயமாக இருக்கும். அந்தப் பயத்தில் சுற்றி நிற்பவர்கள் "சீக்கிரம் எடு" என்று விரட்டுவார்கள். என்னிடம் வந்த மோசமான காயங்களில் பல, முள் ஏறிய கணத்தில் உண்டானவை அல்ல. அதைப் பிடுங்கப் போனபோது உண்டானவை. ஆகவே எந்த முறை என்று யோசிப்பதற்கு முன்னால், உட்கார்ந்து பார்ப்பதற்கு நேரம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முள் ஏன் வர மறுக்கிறது என்று தெரிந்தால் மற்றது எல்லாம் எளிது. தங்கூஸ் (நைலான் தூண்டில் இழை) கட்டும் காது, நேரான தண்டு, அரை வட்டமாக ஒரு வளைவு, கடைசியில் முனை. முனைக்குச் சற்றுக் கீழே, வளைவின் உள்பக்கம், பின்னோக்கி நிற்கும் ஒரு சிறு பல். உள்ளே போகும்போது அந்தப் பல் சதையோடு சதையாக வழுக்கிக்கொண்டு போய்விடும். பின்னால் இழுத்தால் சதை நார்களில் மாட்டிக்கொள்ளும். மெல்ல இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோல் கூடாரம் போல மேலே எழும்பும், முள் மட்டும் அசையாது. அந்த எழும்பலைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் பலமாக இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றும். வரும்போது பல் மாட்டியிருக்கும் சதையையும் கூடவே கொண்டுவரும். பல் தோலுக்குள் போகவே இல்லை, நுனி மட்டும் குத்தியிருக்கிறது என்றால் கவலையே இல்லை, வந்த வழியே எடுத்துவிடலாம். சிக்கல் எல்லாம் பல் உள்ளே போன பிறகுதான்.

முள் ஏறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை முள்ளைத் தொடுவது இல்லை, தங்கூஸை வெட்டுவது. கம்போ, மிதவையோ, ஈயக் குண்டோ எதிலாவது இடறினால் அந்த இழுப்பு முழுவதும் காயத்துக்குத்தான் போகும். செயற்கை இரைகள் பலவற்றில் மூன்று முனை முள் இரண்டு இருக்கும். ஒன்று மீன் வாயில், இன்னொன்று உங்கள் கையில் என்று ஆவது அடிக்கடி நடப்பது. மீன் துள்ளும் ஒவ்வொரு துள்ளலும் கையைக் கிழிக்கும். ஈரத்துணியால் மீனை அமுக்கிப் பிடித்து, முதலில் மீனைப் பிரித்துவிடுங்கள். அப்புறம் சதைக்கு வெளியே இருக்கும் மற்ற முனைகளைக் கட்டரால் வெட்டிவிடுங்கள், அல்லது டேப் சுற்றி மூடுங்கள். இல்லாவிட்டால் உதவிக்கு வந்தவர் கையிலும் ஏறும். அப்படி ஏறினால் ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குள் போனதாகவே கணக்கு. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும். இரை உடலை வளையத்திலிருந்து கழற்றி, சதையில் இருக்கும் முள் மட்டும் தனியாக நிற்கும்படி செய்யுங்கள்.

முள் பட்டவரை உட்கார வையுங்கள், தலை சுற்றினால் படுக்க வையுங்கள். திடகாத்திரமானவர்கள்கூட தன் விரலில் முள்ளைப் பார்த்ததும் மயங்குவது உண்டு. நின்றபடி மயங்கினால் பாறையில் தலை மோதும், படகு என்றால் தண்ணீரில் விழுவார். கையில் மோதிரம் இருந்தால் வீக்கம் வருவதற்கு முன் கழற்றுங்கள். பிறகு மூன்று சோதனை. முள்ளுக்கு அப்பால் உள்ள விரல் நுனியைத் தொட்டால் இரண்டு பக்கமும் உணர்ச்சி இருக்கிறதா? விரலை ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்ட முடிகிறதா? நகத்தை அமுக்கி விட்டால் வெளுத்து உடனே சிவக்கிறதா? இதில் ஒன்று தவறினாலும் நரம்போ, தசைநாணோ (தசையை எலும்போடு இணைக்கும் நார்), ரத்தக்குழாயோ பட்டிருக்கலாம். அங்கேயே கைவைத்தியம் முடிந்தது. முள்ளை அப்படியே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எடுப்பதற்கு முன்பே இதைப் பார்ப்பது ஏன் என்றால், எடுத்த பிறகு மரத்துப்போயிருந்தால் முள்ளால் வந்ததா, எடுத்ததால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

தொடவே கூடாத இடங்களில் முதலாவது கண். கண்ணிலோ, இமையிலோ, கண்ணை ஒட்டியோ முள் இருந்தால் அதை அசைக்கக்கூட வேண்டாம். இமையில் மட்டும்தான் குத்தியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிவது ஏமாற்றும். நுனி இமையைத் தாண்டிக் கண்ணுக்குள் இருக்கலாம். கண் ஒரு மூடிய உருண்டை, உள்ளே நீர்மம். துளை விழுந்த கண்ணை லேசாக அழுத்தினாலும் உள்ளே இருப்பது வெளியே வரும். அதனால் பஞ்சு வைத்துக் கட்டுவது, கழுவுவது, சொட்டு மருந்தோ களிம்போ போடுவது எதுவும் கூடாது. ஒரு காகிதக் கோப்பையை எடுத்து, முள்ளில் படாமல், கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் விளிம்பு உட்காரும்படி கவிழ்த்து டேப் ஒட்டுங்கள். முள்ளின் தண்டு நீளமாக இருந்தால் கோப்பையின் அடியில் துளை போட்டு அதன் வழியே விடலாம். தலையை உயர்த்திச் சாய்ந்தபடி உட்கார வைத்து, கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொண்டு, சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும் என்பதால்தான் இது. மற்ற எல்லாக் காயத்துக்கும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, கண் அதற்கு விதிவிலக்கு. பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு உடனே கிளம்புங்கள்.

கழுத்து, தொடை இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம் ஆகிய இடங்களில் பெரிய ரத்தக்குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. அங்கேயும் கை வைக்க வேண்டாம். பிறப்புறுப்பு, விரல் மூட்டுக்கு நேர் மேலே, எலும்பில் இடிப்பதாக உணர்ந்தால், முள்ளின் வளைவு முழுவதும் உள்ளே மறைந்திருந்தால், இவையும் மருத்துவர் வேலை. முகத்தில் ஏறியதையும் நான் வெளியில் எடுக்கச் சொல்ல மாட்டேன், தழும்புக்காகவும் கண் பக்கத்தில் இருப்பதற்காகவும். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை: அசையாமல் இருக்க மாட்டேன் என்று திமிறும் குழந்தையை நான்கு பேர் பிடித்து அமுக்கி எடுக்காதீர்கள். மருத்துவமனையில் மரத்துப்போக வைத்து எடுப்பதற்காக இரண்டு மணி நேரம் பயணம் செய்வதில் தப்பே இல்லை.

சரி, இந்தப் பட்டியலில் இல்லாத இடம். விரலின் சதைப்பகுதி, உள்ளங்கையின் ஓரம், முன்கை, கெண்டைக்கால், முதுகு. முள்ளும் சின்னதோ நடுத்தரமோ. இங்கே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: நூல் முறை உண்மைதான். 1961-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மருத்துவர் எழுதி வெளியானதிலிருந்து மருத்துவப் புத்தகங்களில் இருப்பது, அவசரப் பிரிவுகளிலும் செய்வது. மருத்துவமனைக்கு வெளியே, மரத்துப்போக ஊசி இல்லாத இடத்தில், நான் முதலில் நினைப்பது இதைத்தான். காரணம், புதிய துளை எதுவும் போடுவதில்லை, வலி ஒரு கணத்தில் முடிந்துவிடும், தேவையானது அரை மீட்டர் நூல் மட்டும்.

செய்யும் விதத்தை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் திசைதான் எல்லாம். கையைப் பலகையிலோ, பெட்டியின் மூடியிலோ, அசையாத தட்டையான இடத்தில் வைத்து இன்னொருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிமானம் இல்லாத சதையில் இது வேலை செய்யாது. காது மடலில் செய்தால் முள் வராது, காதுதான் இழுபடும். உறுதியான நூலை, தங்கூஸ் என்றால் இரண்டாக மடித்து, முள்ளின் வளைவுக்குள் விட்டு வளைவின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலின் இரு முனையையும் சேர்த்து ஒரு குச்சியிலோ, துணி சுற்றிய கையிலோ சுற்றுங்கள். வெறும் விரலில் சுற்றினால் தங்கூஸ் உங்கள் விரலை அறுத்துவிடும். இப்போது மற்றக் கையின் விரலால் தண்டின் காதுப்பக்கத்தைத் தோலை நோக்கி மெல்ல அமுக்குங்கள், தண்டு தோலோடு ஒட்டிப் படுக்கும் வரை. இப்படி அமுக்கும்போது முனை உள்ளே லேசாகத் திரும்பி, பல் மாட்டியிருந்த நாரிலிருந்து விலகுகிறது. கவனித்தால் ஒரு சிறு தளர்வு விரலுக்குத் தெரியும். அமுக்கத்தை விடாமல், தோலுக்கு இணையாக, காதிலிருந்து வளைவை நோக்கிய திசையில் நூலை ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுக்கக் கூடாது. இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. நூலில் கொஞ்சம் தொய்வு வைத்து, வெடுக்கென்று ஒரே இழுப்பு.

முள் வரும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. நூலில் தங்காமல் பறந்துவிடும், எங்கோ பாறையில் 'டிக்' என்று விழும் சத்தம் கேட்கும். ஆகவே இழுக்கும் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இழுப்பவரும் பிடிப்பவரும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், வெயில் கண்ணாடி ஆனாலும் சரி. முள் பட்டவரிடம் "மூன்று எண்ணுவேன், மூன்றில் இழுப்பேன்" என்று சொல்லி இரண்டில் இழுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முழுவதும் சொல்லி, அவர் சரி என்ற பிறகு, அவர் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் போதும். முதல் இழுப்பில் வரவில்லை என்றால், பெரும்பாலும் தண்டை அமுக்கியது போதவில்லை, அல்லது வேண்டிய வேகத்தில் இழுக்கவில்லை. அவருக்குச் சம்மதம் என்றால் இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம்.

இந்த முறை பொருந்தாத முட்களும் உண்டு. இரை நழுவாமல் இருப்பதற்காகத் தண்டிலேயே இரண்டு மூன்று பல் வெட்டியிருக்கும் முள் ஒன்று இருக்கிறது. தண்டும் உள்ளே போயிருந்தால் அதை இழுக்கவே கூடாது. பெரிய கடல் மீனுக்கான தடித்த முள்ளுக்கும் இது சரிவராது. மூன்று முனை முள்ளில் இரண்டு முனை சதைக்குள் என்றால், முதலில் தண்டை வெட்டித் தனித்தனி முள்ளாக்க வேண்டும். ஒன்றாக இழுத்தால் ஒன்று வரும்போது மற்றது ஆழமாகப் போகும். பெரும்பாலும் அதற்கு மருத்துவமனைதான் நல்லது.

நூல் கையில் இல்லை, முள் ஆழமாகவும் போகவில்லை என்றால், தண்டை அப்படியே அமுக்கிக்கொண்டு வந்த வழியே மெல்லப் பின்னால் எடுத்துப் பார்க்கலாம். சதைக்குச் சேதம் குறைவு. ஆனால் பல் உள்ள முள்ளில் பலிப்பதும் குறைவு. பல் இல்லாத முள்ளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தோல் எழும்ப ஆரம்பித்தால் நிறுத்துங்கள். தடித்த ஊசியை முள் போன துளை வழியாகவே செலுத்தி, ஊசியின் வாயால் பல்லை மூடி இரண்டையும் சேர்த்து எடுக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. பழகிய கையும் மரத்துப்போன சதையும் வேண்டும். காட்டில் முயல வேண்டாம்.

இப்போது உங்கள் நண்பர் செய்தது. முன்னால் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து, பல்லோடு சேர்த்து வெட்டிவிட்டு, மீதியைப் பின்னால் உருவுவது ஒரு முறைதான். தவறான முறை இல்லை. நிச்சயமாக வெளியே வந்துவிடும் என்பது அதன் பலம், பெரிய முள்ளுக்கும் நடக்கும். ஆனால் "ஒரே வழி" என்று அவர் சொன்னது சரியில்லை. நல்ல சதைக்குள் புதிதாக ஒரு பாதை போட்டு, இன்னொரு துளையும் உண்டாக்குகிறோம். உள்ளே அந்தப் பாதையில் நரம்போ தசைநாணோ இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. விரலில் இரண்டு ஓரத்திலும் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்தே ஓடுகின்றன. தோலின் உட்பக்கத்திலிருந்து முனை வெளியே குத்தும் கட்டத்தில்தான் வலி உச்சத்துக்குப் போகும், முள் பட்டவர் மயங்கப் பார்த்தது அப்போதாகத்தான் இருக்கும். நாங்கள் செய்யும்போது மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறோம். வெளியில் இதற்கு ஒரே இடம், முனை ஏற்கெனவே மறுபக்கம் தோலைத் துளைத்து வந்துவிட்டது, அல்லது தோலுக்கு அடியில் முனை முட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரிகிறது என்றால். அப்போது வெட்டும்போது நுனி பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். தண்டில் பல் உள்ள முள் என்றால் நுனியை வெட்டாமல் காதை வெட்டிவிட்டு, முள் முழுவதையும் முன்பக்கமாகவே உருவ வேண்டும். சாதாரணக் குறடு கடினமான முள்ளை வெட்டாது. பாதி நசுங்கிய முள்ளோடு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தள்ளுவதற்கு முன்பே, வேறொரு முள்ளை வெட்டிப் பார்த்து உங்கள் கட்டர் தாங்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எடுக்க முடியவில்லை, அல்லது எடுக்கக் கூடாத இடம் என்றால், முள் ஆடாமல் கட்டுவதுதான் சிகிச்சை. சுத்தமான துணியை வளையமாகச் சுருட்டி முள்ளைச் சுற்றி வைத்து, மேலே டேப் அல்லது கட்டுத்துணி. தண்டு மிக நீளமாக இருந்தால் வெட்டலாம், ஆனால் மருத்துவர் பிடித்து இழுக்கும் அளவுக்கு வெளியே விட்டுவைக்க வேண்டும். தோலோடு தோலாக வெட்டிக்கொண்டு வருபவர்களுக்குத்தான் எடுப்பது கடினமாகிறது. அதே மாதிரி முள் இன்னொன்று பையில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். பல் எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

முள் வந்துவிட்டது என்றால், முதலில் அது முழுதாக வந்ததா என்று பாருங்கள். நுனி இல்லை என்றால் உள்ளே இருக்கிறது; எக்ஸ்ரேயில் உலோகம் நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று நிமிடம் ரத்தம் கசிய விட்டு, பிறகு கழுவுங்கள். ஆற்று நீரிலோ கடல் நீரிலோ அல்ல, குடிக்கும் தண்ணீரில். தண்ணீர் போத்தலின் மூடியில் துளை போட்டுப் பீய்ச்சினால் அழுத்தம் கிடைக்கும். சோப்பால் சுற்றிலும் நன்றாகக் கழுவுங்கள். ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ துளைக்குள் ஊற்ற வேண்டியதில்லை, சதையைத்தான் எரிக்கும். எந்தப் பொடியும் எண்ணெயும் வேண்டாம். துளையைப் பசை வைத்தோ தையல் போட்டோ மூடக் கூடாது, உள்ளே மாட்டிய கிருமி வெளியே வர வழி இருக்க வேண்டும். லேசாக மூடிக் கட்டி, தினமும் மாற்றுங்கள்.

டெட்டனஸ் ஊசி பற்றிச் சந்தேகம் வேண்டாம். மீனும் இரையும் சேறும் பட்ட முள் அழுக்குக் காயம்தான். அடிப்படைத் தவணைகள் முழுவதும் போட்டவருக்கு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் இன்னொன்று போட வேண்டும். சிறுவயதில் தவணைகளை முடித்தாரா என்றே தெரியாதவருக்குக் கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்பொருள்) ஊசியும் வேண்டியிருக்கும், அதை மருத்துவர் முடிவு செய்வார். அதே நிமிடம் போட வேண்டும் என்பதில்லை, டெட்டனஸ் வெளிப்பட வழக்கமாக 3 நாள் முதல் 21 நாள் வரை ஆகும். ஆனால் திரும்பி வந்த அன்றைக்கோ மறுநாளோ போட்டுவிடுங்கள். காயம் ஆறிவிட்டது என்று உங்கள் நண்பர் இதை விட்டிருந்தால், இப்போதாவது போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. ஆரோக்கியமானவருக்கு, மேலோட்டமாக ஏறி, சுத்தமாக வெளியே வந்த முள்ளுக்கு மாத்திரை தேவையில்லை என்பதில் பெரும்பாலான மருத்துவர்கள் ஒத்துப்போகிறார்கள். நீரிழிவு, கல்லீரல் நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், தசைநாண், மூட்டு, குருத்தெலும்பு வரை போன காயம் என்றால் முன்கூட்டியே கொடுப்போம். இடைப்பட்டவர்கள் விஷயத்தில் ஒரு மருத்துவர் கொடுப்பார், இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்பார், இரண்டும் ஏற்கத்தக்கதே. ஆனால் வீட்டில் மீந்து கிடக்கும் அமாக்ஸிசிலின் இரண்டை வாயில் போட்டுக்கொள்வதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். நன்னீரில் இருக்கும் ஏரோமோனாஸ் என்ற கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. போட்டாயிற்று என்ற தைரியத்தில் காயத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் மிச்சம்.

கவனிப்பதுதான் இங்கே மருந்து. முதல் நாள் கொஞ்சம் வீக்கமும் வலியும் எல்லோருக்கும் இருக்கும், நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், கையில் கோடாக மேலே ஏறினால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே காட்டுங்கள். விரல் முழுவதும் வீங்கி, லேசாக மடிந்த நிலையிலேயே நின்று, இன்னொருவர் நீட்டிவிட்டால் உயிர் போகும் வலி என்றால், தசைநாண் உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும், ஓர் இரவு தாமதித்தாலும் விரலின் அசைவு போகலாம். வெதுவெதுப்பான கடல் நீரிலும் உப்பங்கழியிலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. கல்லீரல் நோய் உள்ளவருக்கு அது புகுந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் ரத்தக் கொப்புளமும் கடுங்காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகும். அரிதுதான், ஆனால் கல்லீரல் கோளாறு உள்ளவர் கடலில் தூண்டில் போடும்போது முள் ஏறினால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

எதிர்முனையில் மெதுவாக வருவது ஒன்று உண்டு. காயம் ஆறி, எல்லாம் மறந்து, சில வாரம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத ஒரு சிவந்த முடிச்சு வரும், ஆறவே ஆறாது, சிலருக்குக் கை வழியே மேலே இன்னும் சில முடிச்சுகள் வரிசையாக வரும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒன்று இதைச் செய்யும். சாதாரண மருந்துக்கு அடங்காது, சதையை எடுத்துச் சோதித்துப் பல மாதம் சிகிச்சை எடுக்க வேண்டும். மருத்துவருக்கு இது தோன்ற வேண்டும் என்றால் நீங்கள்தான் "சில வாரம் முன்னால் இதே இடத்தில் தூண்டில் முள் ஏறியது" என்று சொல்ல வேண்டும். உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை போகும்போது பையில் இருக்க வேண்டியவை: கடினமான முள்ளையும் வெட்டும் கட்டர், மூக்குக் குறடு, ஒரு மீட்டர் உறுதியான நூல், டேப், காஸ் துணி, சோப்பு, குடிநீர். கண்ணாடி எல்லோருக்கும், குறிப்பாகச் சிக்கிய தூண்டிலை விடுவிக்கும்போது. பாறையில் சிக்கிய முள்ளை முகத்துக்கு நேராக இழுத்தால், விடுபடும் கணத்தில் தங்கூஸ் சுருங்கி முள்ளை நேராகக் கண்ணுக்கே கொண்டுவரும். தலையைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் இழுங்கள். அப்புறம், மீன் பிடிக்கத் தொடங்குமுன் குறடால் ஒவ்வொரு முள்ளின் பல்லையும் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். தங்கூஸ் இறுக்கமாக இருக்கும் வரை மீன் அவ்வளவு எளிதில் நழுவாது, ஒன்றிரண்டு நழுவினாலும் போகட்டும். கையில் ஏறினால் இவ்வளவு நீளப் பதில் தேவைப்படாது, வந்த வழியே வந்துவிடும்.